காய்ந்த இடம் கேட்டேன்

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழையில் எங்கள் மாடுகளுக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. அந்த நாட்களில் கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் எங்கள் வீடு. மெலிந்த காளைகளைச் சந்தையில் பிடித்து வந்து, கொட்டகையில் கட்டி, தவிடும் பிண்ணாக்கும் போட்டுத் தேற்றி, இறைச்சிக்கு விற்பதுதான் பிழைப்பு. இதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்த வருஷம் என் கணவர் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, கட்டிலோடு கிடந்தார். மாடுகளை நான் ஒருத்தியே பார்த்தேன்.

மழை பிடித்தது. விடவே இல்லை. தரைக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறிக் கொட்டகை முழுக்கச் சேறு. சாணமும் மூத்திரமும் கலந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. வைக்கோல் போர் நனைந்து புளித்து நாறியது. அதை அள்ளிப் போட்டால் அதுவும் சேறாயிற்று.

அந்தச் சேற்றில் மாடு படுக்க மனம் ஒப்பாது. முன்காலை மடக்கும். தரையை மோந்து பார்க்கும். மறுபடி எழுந்துவிடும். கண் சொருகி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஆடிக்கொண்டு நின்றன. குளம்பு இடுக்கெல்லாம் வெந்து புண்ணாயிற்று. தின்ற தீனி உடம்பில் ஒட்டவில்லை.

கட்டிலில் கிடந்தவருக்கு எல்லாம் காதில் விழும். "எஸ்தர், சேத்துல கால மாத்தி மாத்தி வைக்குதுங்க. என்னால அந்தச் சத்தத்தக் கேக்க முடியல" என்பார்.

முதலில் விழுந்தது செவலைக் காளை. வியாபாரி முனுசாமி ஆட்களோடு வந்தார். வாலை முறுக்கினார்கள். கண்ணில் மிளகாய்ப் பொடி போட்டார்கள். அது எழவில்லை. உயிரோடு கயிறு கட்டிச் சேற்றில் இழுத்துப் போனார்கள். கண்ணைத் திறந்துகொண்டே போயிற்று.

"இன்னாமா, பாக்கி மாடும் ஒண்ணொண்ணா வுழத்தான் போவுது. இப்பவே குடுத்துட்டா கறியாவது தேறும். வுட்டியானா அப்பால தோலுதான்" என்றார் முனுசாமி.

என் கணவரின் அண்ணன் தங்கராஜ் மாமா, மேட்டில், ரோட்டோரம் மரம் அறுத்து விற்கும் வாடி வைத்திருந்தார். பெரிய தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரை. அது என் மாமனார் சொத்து. மேட்டை மாமா எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பள்ளத்தைத் தந்தார். இப்போது பள்ளத்தின் மேலும் அவருக்குக் கண். நனைந்துகொண்டே போய் அவர் முன் நின்றேன்.

"மாமா, ஒரு ஓரமா மாடுங்களக் கட்டிக்கிறேன். மழை விட்டதும் அவுத்துட்டுப் போயிடறேன்."

அவர் காப்பி தம்ளரிலிருந்து நிமிரவில்லை. "இது மரம் வைக்கிற இடம். பள்ளத்துல இருக்க முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. உன் புருஷனத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்னா நான் அனுப்பறேன்."

மரம் அறுக்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஜெபக் கூட்டத்தில் என் பாரத்தைச் சொன்னேன். "வெட்டறதுக்கு வளக்கற மாட்டுக்கா ஜெபம்?" என்றார் ஒரு சகோதரி. யாரும் அதற்காக ஜெபிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி அழுதேன்.

"வெட்டற வரைக்கும் அது படுக்கணும் இல்ல?" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். மழையை நிறுத்தும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தேன். "ஆண்டவரே, இதுங்க படுக்க ஒரு காய்ஞ்ச இடம் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை வாசலில் டிராக்டர் சத்தம். தங்கராஜ் மாமா குடை பிடித்து நிற்கிறார். அவர் ஆட்கள் மரத்தூளை வாரி எங்கள் வாசலில் கொட்டுகிறார்கள். வாடிக் கொட்டகையில் மாதக்கணக்காகச் சேர்ந்த தூள்.

"மாமா, வழிய அடைக்கிறீங்களே! அவருக்கு மருந்து வாங்கப் போகணும்."

"குப்பையக் கொட்ட வேற இடமில்ல. ஏறிப் போ."

டிராக்டர் போய்ப் போய் வந்தது. என் மார் உயரத்துக்குக் குவிந்தது. காய்ந்த இடம் கேட்டேன், இருந்த வழியும் போயிற்று. இதுதானா பதில் என்று கேட்டு அழுதேன்.

ஆனாலும் மருந்துக்குப் போக வேண்டும். வழி வெட்ட மண்வெட்டியை எடுத்தேன். மேல்தூள் மழையில் கூழாயிருந்தது. இரண்டு வெட்டு வெட்டியதும் மண்வெட்டி பொசுக்கென்று உள்ளே போயிற்று. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை காய்ந்த தூள். கதகதவென்று இருந்தது.

"ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே அவர் பயந்துபோனார்.

குவியலின் மேல் கித்தானை இழுத்து மூடினேன். கொட்டகைச் சேற்றை வழித்துத் தள்ளி, தண்ணீர் வடிய ஆற்றுப் பக்கம் வாய்க்கால் கீறினேன். கூடை கூடையாய்ச் சுமந்து கெட்டியாகப் பரப்பினேன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. கறுப்புக் காளை குனிந்து மோந்தது. முன்காலை மடக்கி அப்படியே நின்றது. நான் மூச்சு விடவில்லை. பொத்தென்று படுத்தது. படுத்ததும் விட்ட பெருமூச்சை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஒவ்வொன்றாய் எல்லாம் படுத்தன. கொஞ்ச நேரத்தில் அசைபோடும் சத்தம் கேட்டது.

"படுத்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"படுத்துடுச்சிங்க."

அவர் அழுதது எனக்குக் கேட்டது.

எல்லாம் பிழைத்தன என்று சொன்னால் பொய். குளம்பு கழன்ற இரண்டை முனுசாமி இழுத்துத்தான் போனார். மற்றவை தேறின. நனைந்த தூளை வாரிவிட்டு, மேலே மேலே புதுசு போட்டு அந்த மழையைக் கடந்தோம்.

விஷயம் தெரிந்து தங்கராஜ் மாமா வந்தார். படுத்திருந்த மாடுகளைப் பார்த்தார். திரும்பிப் போனார். அடுத்து விழுந்த தூளையெல்லாம் எங்கள் கண்ணெதிரே ஆற்றில் கொட்டினார். என் கணவர் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் மனம் மாறியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாறவில்லை. தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

நான்தான் மாறினேன். இன்ன விதமாய்ச் செய்யும், இன்னார் மூலமாய்ச் செய்யும் என்று ஆண்டவருக்கு யோசனை சொல்வதை விட்டுவிட்டேன். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே யாராவது உட்காரக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டே இருக்கிறீர்களா? எல்லாரும் கைவிரித்துவிட்டார்களா? கேளுங்கள். எனக்கு வேண்டியதை, என்னை விரட்ட நினைத்தவரின் டிராக்டரிலேயே கர்த்தர் அனுப்பி வைத்தார். உங்களுக்கும் அனுப்புவார்.