வானம் பார்க்காத கை

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில், பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் ஆண்பிள்ளை அலறுவது தெருமுனை வரைக்கும் கேட்கும். அலறுகிறவர் என் வீட்டுக்காரர், அலற வைக்கிறவள் நான். தெருவில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஓடிய கரி பஸ்ஸில் டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் முதுகில் பெரிய கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். அந்த வண்டி லேசில் கிளம்பாது. முன்பக்கம் இரும்பு ஹேண்டிலை மாட்டி, குனிந்து, கீழேயிருந்து மேலாக ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அது கிளீனரின் வேலை. ஒருநாள் கிளீனருக்குக் காய்ச்சல், சனங்கள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாயிற்று என்று இவரே போய்ப் பிடித்திருக்கிறார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது. அவசரத்தில் சுற்றிப் பிடித்துவிட்டார். எஞ்சின் எடுக்காமல் ஹேண்டில் திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுக்குள் இருந்த நாட்களில் எங்களுக்குக் கவலையே இல்லை. எலும்பு கூடிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். தை மாதம் கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்தது அவர் கை மாதிரியே இல்லை. தோல் உரிந்து, சதை வற்றி, விரல்கள் மடங்காமல், காய்ந்த முருங்கைக்காய் போலக் கிடந்தது. மணிக்கட்டு மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், உள்ளங்கை மலரவில்லை. குப்புறக் கிடந்த கையை நிமிர்த்தச் சொன்னால் பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. சில்லறை வாங்க முடியாது, சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாது. எங்கள் சீமையே வானம் பார்த்த பூமி, இவர் கை மட்டும் வானம் பார்க்க மாட்டேன் என்கிறது என்று நான் கேலி செய்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து பார்த்தார். பாலவனத்தத்திலிருந்து ஓர் ஆளைத் தற்காலிகமாக ஓட்ட வைத்திருப்பதாகவும், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் இவர் வந்து சேர்ந்தால் சரி, இல்லாவிட்டால் அந்த ஆளையே நிரந்தரம் ஆக்கிவிடுவதாகவும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஹேண்டில் போட்டுக் காட்ட வேண்டும். நடுக்காட்டில் வண்டி நின்றுபோனால் கிளீனரை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்றார். அதில் நியாயம் இருந்தது. ஹேண்டிலைக் கீழேயிருந்து இழுக்கிறவனுக்கு உள்ளங்கை மேலே பார்த்தாக வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு பஸ்ஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மண்வெட்டி பிடித்தவர் இல்லை, தறி மிதித்தவரும் இல்லை. அந்தச் சீட்டில் உட்காரும்போதுதான் அவர் முழு மனிதராக இருப்பார். அது போனால் மனிதர் வீட்டு மூலையில் உட்கார்ந்தே அழிந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா எனக்குப் பாடம் எடுத்தார். சுடுதண்ணீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை மெல்ல மெல்ல மேலே திருப்ப வேண்டும். வலி வந்த பிறகும் விடாமல் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். குதிக்கிற மாதிரி ஆட்டக்கூடாது, ஒரே நிதானமாக அழுத்த வேண்டும்.

"வலிக்கிற எடத்துல பாவம் பாத்து நிறுத்திட்டீகன்னா, கை அங்கேயே நின்னுரும்," என்றார் நர்ஸம்மா. "அவுக கத்துவாக. நீங்க காதை மூடிக்கோங்க."

எவ்வளவு தூரம் தேறியிருக்கிறது என்று பார்க்கவும் ஒரு வழி சொன்னார். உள்ளங்கையில் எண்ணெய் விட வேண்டும். வழியாமல் நின்றால் கை மலர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

விட்ட எண்ணெயெல்லாம் முழங்கை வழியாக ஓடி என் சேலையில்தான் சேர்ந்தது. முதல் நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் கத்தினார். அடுத்து வந்த நாட்களில் கெஞ்சினார். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். கெட்ட வார்த்தை பேசாத மனிதர் வாயிலிருந்து பஸ் ஸ்டாண்டே வந்து கொட்டியது. அவர் மேல் இரக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். இரக்கம் வந்தால் என் பிடி தளர்ந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு மட்டும் கொல்லைப்புறம் போய், எண்ணெய் போன பின்னும் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பேன்.

அடுத்த வீட்டில் என் நாத்தனார் இருந்தார், அவருடைய அக்கா. ஒட்டிய எலும்பை இப்படி முறுக்கினால் மறுபடி விட்டுப்போகும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்ததுதான் கொடுமை. ஒருநாள் திருப்பும்போது மணிக்கட்டுக்குள் 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் உயிர் போய் வந்தது. விடிந்ததும் நர்ஸம்மாவிடம் ஓடினேன். இறுகிப்போனது விடுகிறது, நல்லதுதான் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அந்தச் சத்தத்தை என் வீட்டுக்காரரும் கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் ஆளைக் காணோம். அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு அங்கேயே போனேன். நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தம்பி பிச்சை எடுத்தாலும் தான் சோறு போடுவதாகவும், அவன் கையை ஒடித்துப் பார்க்க ஆசைப்படும் பெண்ணை இந்த வீட்டுக்குள் விட முடியாது என்றும் சொன்னார். நான் அவரைத் தாண்டி உள்ளே போய்ப் புருஷன் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"ஓங் கால் சத்தம் கேட்டாலே எனக்குக் கை வேர்த்துருது. நெசமாச் சொல்றேன், அந்த ஹேண்டிலுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல."

எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் கோயிலில் பொங்கல் திருவிழாவை அறிவித்துச் சாட்டு சொல்லும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேர்க்கட்டும்," என்றேன். "கைய நீட்டுங்க."

நீட்டினார். நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் எங்கும் ஒளியவில்லை. என்னிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். நான் கிண்ணத்தோடு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். பகலில் என் சொல்படி ஆட்டுக்கல்லையும் சுற்றினார், துணியையும் பிழிந்தார். பொண்டாட்டிக்கு மாவாட்டிப் போடுகிற டிரைவர் என்று ஊர் இளக்காரம் பேசியதை அவர் காதில் வாங்கவே இல்லை. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையில் தங்க ஆரம்பித்தது. ஒருநாள் முழுக்க நின்றது. நான் அந்தக் குட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி பிறந்ததும் முதலாளி வரச் சொன்னார். பொம்பளைகள் பஸ் ஷெட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. கஞ்சிச் சட்டியைக் கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். கிளீனர் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். பாலவனத்தத்துக்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்து ஹேண்டிலை மாட்டினார். உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பியது. பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்ததை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். முதல் இழுப்பில் எஞ்சின் லேசாக முனகி அடங்கிவிட்டது. அடுத்த இழுப்பில் ஹேண்டில் திருப்பி அடித்தது. இரும்பு மோதிய சத்தத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். ஹேண்டில் கையை விட்டுத் துள்ளிக் கீழே விழுந்திருந்தது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி போதும் என்று ஏதோ சொல்ல வந்தார். இவர் கேட்கவில்லை. ஹேண்டிலை எடுத்து மறுபடி மாட்டி, அடிவயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி இழுத்தார். வண்டி உடம்பெல்லாம் குலுங்கிக் கிளம்பியது. பாலவனத்தத்துக்காரர் இறங்கி, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன் அவர் வீடு திரும்பினார். முகமெல்லாம் கரி, பல் மட்டும் தெரிந்தது. திருச்சுழி வரைக்கும் போய் வந்த கதையை எல்லாம் வாய் ஓயாமல் சொன்னார். அத்தனை நாளுக்கும் சேர்த்து என்னிடம் பேசினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சாப்பிட்டுப் படுத்தவர் பாயில் முதுகு பட்டதும் தூங்கிப்போனார்.

வலது கை பாய்க்கு வெளியே மலர்ந்து கிடந்தது. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை, வலிக்குமே என்று நினைத்து, கொஞ்சம் எண்ணெய் தொட்டு, தடவத்தான், அந்த விரல்களைத் தொட்டேன். தூக்கத்திலேயே அவர் கையை வெடுக்கென்று இழுத்து விலாவுக்கு அடியில் சொருகிக்கொண்டார். முகம் சுளித்தது. கண் திறக்கவில்லை.

காலையில் அவருக்கு அது எதுவும் நினைவில் இல்லை. அதன் பிறகு நாங்கள் நெடுங்காலம் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் கடைசி வரைக்கும் நான் அவருக்கு இடப்பக்கத்திலேயே படுத்தேன்.