அம்மா இறுக்கிய திருகாணி

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இந்த வெளிநாட்டில், செவன் கிங்ஸ் வீட்டில் மகள் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனை என்னை வன்னிக்கு, அப்பாவின் சின்ன வேட்டைத் துவக்கிடம் கொண்டுபோனது.

அப்பா சுட்டால் முயலுக்குப் பக்கத்தில் மண்தான் பறக்கும். "அத்தான், துவக்கை என்னட்டைத் தாங்கோ. முயலெல்லாம் உங்களைப் பாத்துச் சிரிக்குது," என்றார் அம்மாவின் தம்பி. அப்பா தலைகுனிந்து அதை நீட்டிவிட்டார்.

அம்மா இடையில் புகுந்து வாங்கினார். தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, குழலையும் கட்டையையும் சேர்க்கும் திருகாணியைத் தொட்டார். அது ஆடியது.

"அக்கா, இது தையல் மெசின் இல்லை!"

"ஆணி ஆடினால் தையலும் குண்டும் ரெண்டும் கோணலாத்தான் போகும். நீ கட்டையைப் பிடியடா."

மெசின் பெட்டியிலிருந்த ஸ்குரூ டிரைவரால் இறுக்கி, குழலின் உள்ளே எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்தார். மண்மேட்டில் ஒரு மட்டையை நட்டு அப்பா சுட்டார். அதில் வைத்த கரிப்பொட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது.

"இனி இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். இவ கை வைச்சது," என்றார் அப்பா. இவர் என் அம்மா என்று எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அடுத்த நாள் அப்பா ஒரு முயலோடு வந்தார். மாமா வீட்டுக்கும் கறி போனது.