மரகதம்தாங்க!

போன வாரம் திருவாரூரிலிருந்து என் அக்கா மகள் கயல் போன் செய்தாள். முதல் பிரசவம், பெண் குழந்தை.

“சின்னம்மா, பேரு முடிவு பண்ணிட்டோம். மரகதம்! இப்ப ரத்தினக் கல்லு பேருதான் ட்ரெண்டு. எங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு பவளம் இருக்கு!”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன், “என் பேரையா வைக்கிற?”

“உங்க பேரா...? அட, ஆமால்ல! சாரி சின்னம்மா!”

சிரித்துவிட்டேன். சின்னம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தவளுக்குப் பெயர் எங்கே ஞாபகம் இருக்கும்?

“நெட்ல பச்சைக் கல்லு, அதிர்ஷ்டம்னு போட்டிருக்கு. உங்களுக்கு ஏன் வெச்சாங்க?”

கேட்டாளே... சொன்னேன்.

வலங்கைமான் பக்கம் எங்கள் கிராமம். அப்பா, அம்மா இருவருக்கும் ஒரு மிராசுதாரின் வயலில் கூலி வேலை. நான் பிறந்தபோது ஆட்சி மாறிய புதிது. எங்கே பார்த்தாலும் கட்சிக் கூட்டம். ஒரு மேடையில் பேச்சாளர், “மரகதம் விரித்தாற்போன்ற இந்த வயல்களை உண்டாக்கியவன் நீ!” என்று மைக்கில் முழங்கினாராம். மரகதம் என்றால் என்ன என்று அப்பா பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருக்கிறார்.

“பச்சைக் கல்லுப்பா. ராஜா கிரீடத்துல இருக்கும்.”

அது போதுமாக இருந்தது அப்பாவுக்கு.

எங்கள் தெருவில் அன்றைக்கு என்ன பெயர்கள்? குப்பாயி, கருப்பாயி, மண்ணாங்கட்டி... கல் பதித்த பெயர்களெல்லாம் பெரிய வீட்டுக்கு.

மிராசுதாரின் வயல்களை மேற்பார்க்கும் காரியக்காரர் களத்தில் வைத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “ஏன்டா, ஐயா பேத்தியும் மரகதம், உன் மவளும் மரகதமா? பச்சையம்மான்னு மாத்து. அதுவும் பச்சைதானே?”

“இல்லீங்க. மரகதம்தாங்க.”

துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் சொன்னாராம். ஆனால், சொல்லிவிட்டார்!

மறுநாள் நடவு. இருவருக்கும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடவு நேரத்தில் வேலை போனால் அடுப்பு எரியாது. “பேரை மாத்திடலாமா?” என்று என்னை மடியில் போட்டுக்கொண்டு அம்மா அழுதிருக்கிறாள்.

ஆனால், வயலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நடவுக்குப் போன பெண்கள் யாரும் சேற்றில் இறங்கவில்லை. வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் எங்கள் தெருச் செல்லம்மா அத்தை.

“மரகதத்தோட ஆத்தா வரட்டும். அப்புறம் இறங்குறோம்.”

ஊருக்கு ஊர் கூலித் தகராறு நடந்த காலம். எதிர்த்துப் பேசினால் அடி விழும். வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்று மிரட்டினார் காரியக்காரர்.

“கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவோம்.”

அந்தப் பெண்கள் வீட்டிலும் பசித்த பிள்ளைகள் இருந்தார்கள் — அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனசு நெகிழ்ந்துபோகும்.

உச்சி வெயில் ஏற ஏற, பறித்து வைத்த நாற்று வாடத் தொடங்கியது. கடைசியில் காரியக்காரரே எங்கள் தெரு முனைக்கு வந்து நின்றார். அம்மாவின் பெயர் அவருக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? வேறு வழி?

“ஏய்... மரகதத்தோட ஆத்தா! வயலுக்கு வா!”

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில், ஆபீசில், இந்தப் பத்தியின் தலைப்பில்... எத்தனையோ இடங்களில் அந்தப் பெயரோடு நிமிர்ந்து நின்றுவிட்டேன். வைத்தது அப்பா. காப்பாற்றிக் கொடுத்தது அந்தப் பெண்கள். பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்லை. அத்தனை பேருக்கும் என் நன்றி.

கேட்டு முடித்ததும் கயல், “பாப்பா பெருசானதும் நீங்களே இதை அவளுக்குச் சொல்லணும், சின்னம்மா” என்றாள்.

சொல்லாமலா? ஒரு பேர் நிலைக்க எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கிறது!