அக்காவுக்கு வந்த இனிஷியல்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் அப்பா. திருவண்ணாமலையில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எழுத்தர். கையெழுத்து கோட்டைத் தாண்டினால் மனுவைத் திருப்பி அனுப்புவார், பச்சை மையில் எழுதினால் திருப்பி அனுப்புவார். தேதி போடவில்லை என்று லீவு லெட்டரைக் காய்ச்சலில் கிடந்த என்னிடமே திருப்பிக் கொடுத்தவர். இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி. அவர் எதையுமே திருப்பி அனுப்ப மாட்டார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் செய்வார். இவர்களில் யார் மோசம் என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மாமா எங்கள் வீட்டில் தங்கி, வேலூருக்குப் போய்வந்து கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரையும் கர்ர்ரென்று கத்தும் பிரிண்டரையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தார். அவருக்கு லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழி மேல் பைத்தியம். ஊரிலிருந்த கம்ப்யூட்டர் சென்டர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள்கூட இல்லை. அதுவே அவருக்குப் பெருமை.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைத் தான் அச்சடித்துத் தருவதாக மாமா அப்பாவிடம் சொன்னார். பரீட்சைக்குப் போகும் பட்டியல். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் மார்க் ஷீட்டில் வரும், ஆயுசுக்கும் பெயர் அதுதான். என் பெரியம்மா மகள், எங்கள் வீட்டிலேயே இருந்த அக்கா, அந்த வருஷம் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு.

ஊரே கிரிவலத்துக்குத் திரண்டிருந்த பௌர்ணமி ஞாயிறு. பெரியம்மா வழக்கம்போல் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை கிராமத்தில் இட்லிக் கடை போடப் போயிருந்தாள். என் சிநேகிதிகள் ராட்டினம் சுற்றப் போய்விட்டார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை எடுத்துப் புரோகிராம் தானே இனிஷியல் போட்டுக்கொள்ளும்.

மாமா ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் அடிப்பார், அடுத்ததைக் குறியில்லாமல் வெறும் வார்த்தையாக அடிப்பார். சில பிள்ளைகள் அப்பா பெயருக்கு ஒற்றை எழுத்து மட்டும் எழுதியிருந்தார்கள், அதையும் அப்படியே அடிப்பார். எனக்கு எரிச்சல். ஒரே மாதிரி அடித்தால் என்ன என்று கேட்டேன்.

"அதான் லிஸ்ப்பு. பேருனு கேக்கற எடத்துல நீ எப்படிக் குடுத்தாலும் அதுவே பேரா மாத்திக்கும். உங்கப்பா மாதிரி நொட்டை சொல்லாது."

அக்காவின் விண்ணப்பம் வந்தது. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெரியப்பா நான்கு வருஷமாக ஆரணியில் இருந்தார். வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் பெயர் M-இல் தொடங்கும் என்பது தெரியும், அக்காவின் பழைய நோட்டுகளில் எல்லாம் M இருந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"எழுதியிருக்கறத மட்டும் படி. காலின்னா காலி," என்று அவர் இரண்டு அடைப்புக்குறிகளை உள்ளே ஒன்றுமில்லாமல் அடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

மறுநாள் காலை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்தார். அக்காவின் பெயருக்கு முன்னால் N என்று இருந்தது.

"யாருய்யா இந்த N?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

மாமா திரையில் அந்த வரியைத் தேடிப் பார்த்தார். பிறகு, செய்த தப்பைவிட அதன் காரணம் பிடித்துப்போனவர் மாதிரி சிரித்தார். அவருக்கு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ! லிஸ்ப்புக்குக் காலி அடைப்புக்குறியும் NIL என்ற வார்த்தையும் ஒன்றேயாம். பெயர் கேட்ட இடத்தில் ஒன்றுமில்லாததைக் கொடுத்தாலும் அது திருப்பி அனுப்பாமல், NIL என்பதையே ஒரு பெயராக எடுத்து முதலெழுத்தைப் போட்டுவிட்டதாம். "NIL-னா ஒண்ணுமில்ல, யாரும் இல்லனு அர்த்தம்," என்றார்.

"அறிவிருக்கா உனக்கு? பொம்பளப் புள்ள பேருல விளையாடறே. M-னு மாத்து."

சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா அப்போதுதான் பேசினாள். "வேணாம் சித்தப்பா. யாரும் இல்லனுதானே அர்த்தம்? சரியாத்தான் வந்திருக்கு. மாத்தாதீங்க."

அப்பா பட்டியலை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கோ தாங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு தப்பை அப்படியே விடப்போகிறார்கள், மாமா திட்டு வாங்கக்கூடாது என்று அக்கா தன் பெயரையே கெடுத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. அவளுக்காக நான் பட்ட வருத்தம் நிஜமானது. அப்பாவின் பேனாவை எடுத்தேன். N-க்கு ஒரு சாய்ந்த கோடும் ஒரு நேர்கோடும் இழுத்தால் M. நடுவில் ஒரு கோடு மிஞ்சினாலும் நன்றாகத்தான் வந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அதுவரை அக்கா என்னை அடித்ததே இல்லை.

அந்தப் பக்கத்தை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. பிரிண்டர் பக்கத்தில் நின்று மாமா அப்பாவிடம், "இப்ப என்ன போடறது?" என்று கேட்டார்.

"புள்ள சொன்னதே இருக்கட்டும்," என்றார் அப்பா. என் லீவு லெட்டரில் தேதியில்லை என்று திருப்பிக் கொடுத்த மனிதர், யாருடையதும் இல்லாத ஓர் எழுத்துக்குக் கீழே, கோட்டைத் தாண்டாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடக்கூட இல்லை.

சாயங்காலம் அக்கா தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு பேப்பருக்குப் போயி இப்படியா அடிப்பே?" என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். காகிதம் பாழானதற்குத்தான் அடித்தாள் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்த இரண்டு கோட்டில் நான் யாரை வீட்டுக்குள் திரும்பக் கூட்டிவரப் பார்த்தேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.