முனியப்பனுக்கு நேர்ந்த கருங்குஞ்சு

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைகள் மட்டுமே வேண்டும். பொரித்த அன்றே குஞ்சின் சிறகை விரித்து, இறகின் நீளத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவோம். சேவல் என்றால் கழிவு. அதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு குஞ்சு சேவலாக இருக்கவேண்டுமே என்று தவித்தேன்.

மனைவிக்கு மார்பில் கட்டி. தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று சேலத்தில் மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள், மல்லசமுத்திரம் சந்தையில் வாங்கி வளர்த்துவந்த குஞ்சுகளில் கன்னங்கரேலென்று இருந்த ஒன்றைப் பிடித்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கட்டி குணமானால் அதை முனியப்பனுக்கு அறுப்பதாக நேர்ந்துகொண்டாள். முனியப்பனுக்குச் சேவல்தான் ஆகும்.

“சேவல்னு தெரியட்டுங்க, ஆஸ்பத்திரிக்கு வாரேன். பொட்டையாப் போச்சுன்னா சாமிக்கு இஷ்டமில்லைன்னுதான அர்த்தம்?”

“நல்ல சேவலாக வேறொன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே?”

“நேந்தது இதைத்தானுங்க. லாரிக்கு டயர் மாத்தறாப்ல மாத்த முடியுங்களா? இத்தன வருசம் கோழியோடவே குடும்பம் நடத்துனீங்க. இது என்னன்னு சொல்லத் தெரியலீங்களா?”

தெரியவில்லை. சிறகு பார்க்கும் முறை, அதற்கென்றே இணைசேர்த்து உருவாக்கிய இனத்துக்குத்தான் செல்லும். அதுவும் பிறந்த புதிதில். வளர்ந்துவிட்ட சந்தைக் குஞ்சிடம் அது எடுபடாது. நாட்டுக்கோழி என்றால் கொண்டை முந்திச் சிவப்பது சேவல். தினமும் பிடித்துப் பார்த்தேன். சிவக்கவில்லை. பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கும் கறுப்பு. கருங்கோழிக் கலப்பு. அதன் கொண்டை சேவலானாலும் கறுத்தே இருக்கும். கடவுளுக்குக் கறுப்பு வேண்டும் என்று தேடி, அடையாளமே காட்டாத இனத்தைப் பிடித்திருந்தாள்.

இனி இறகுதான் சாட்சி. சேவலுக்கு இடுப்பில் நீண்டு கூர்மையான இறகு முளைக்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். அதற்காகக் காத்திருந்தோம். கட்டி காத்திருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு காலையில் கோழியை மடியில் வைத்து இறகைப் பிரித்தேன். எல்லா நுனியும் வட்டம். சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“சேவல்தான்,” என்றேன்.

அவள் முனியப்பன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, துணிகளைப் பையில் எடுத்துவைத்தாள்.

அறுவை முடிந்தது. மருந்து ஏற்றி முடி கொட்டியது. கடைசியாக ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இதற்குள் கோழி முட்டையிடத் தொடங்கிவிட்டது. அவள் எழுவதற்குள் போய் முட்டையை எடுத்து மறைத்துவிடுவேன். முட்டையை மறைக்கலாம், சத்தத்தை எப்படி மறைப்பது? இன்று இட்டுவிட்டு ஊரே கேட்கும்படி கொக்கரித்தது.

“ஏனுங்க, எந்தக் கோழிங்க அது?” கட்டிலிலிருந்து கேட்டாள்.

“பக்கத்து வீட்டுக் கோழி.”

“பக்கத்து ஊட்டுல கோழியே இல்லீங்களே.”

முட்டை வேட்டி மடிப்பில் சூடாக இருந்தது. அவள் தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“ரிப்போர்ட்டு வார வரைக்கும் அது சேவலாவே இருக்கட்டுங்க.”