அம்மனுக்கு மறுபக்கம் வாசல்

மூலை என்றாலே எனக்கு ஆகாது. அரச வேலையை விட்டுவிட்டுத் தர்மபுரத்தில் சொந்தமாக ஒரு பல் கிளினிக் கட்டத் தொடங்கியபோது மேசன் அண்ணையிடம் நான் முதல் சொன்னதே அதுதான்.

"அண்ணை, தரையும் சுவரும் முட்டுற இடத்தில மூலையே தெரியக் கூடாது. சட்டி மாதிரி வளைச்சுப் பூசுங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூலை இல்லாத கட்டடம் நான் இன்னும் காணேல்லைப் பிள்ளை."

மூலை மட்டுமா? யன்னலடியில் தட்டு வேண்டாம், திரைச்சீலை வேண்டாம், சுவரில் பூவேலை வேண்டவே வேண்டாம் என்றேன். பாவம், மனுசனின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி வந்து குடியேறிய எங்கள் சனத்தின் வீடுகளில் பாதிக்குமேல் தாமரையும் அன்னமும் வைத்தவர் அவர். பல்லைத் துளைக்கும்போது தண்ணீரும் எச்சிலும் இரத்தமும் பனிப்புகார்போல எழும்பி எங்கும் படியும், படிந்த இடமெல்லாம் துடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். "ஓம் ஓம்" என்றார். அந்த ஓமில் எனக்கு அப்போதே சந்தேகம்.

என் பெருமை முழுவதும் கருவி கழுவும் சிறிய அறையில் இருந்தது. பாவித்த கருவிகள் ஒரு யன்னலால் உள்ளே வரும். கழுவி, நீராவியில் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவில் வைத்து எடுத்தபின் மற்ற யன்னலால் வெளியே போகும். அழுக்கும் சுத்தமும் வழியில் சந்திக்கவே மாட்டா. அந்த அறையின் படத்தைக் கீறி முடித்த அன்று எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டாடினேன்.

தீராத கவலை ஒன்றுதான். எங்கள் ஆட்கள் தனியாகப் பல்லுப் பிடுங்க வருவதில்லை. மனைவி, மாமி, அயல் வீட்டுக்காரி எல்லாரும் வந்து கதிரையைச் சுற்றி நின்று கையைப் பிடிப்பார்கள், வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். பல் பார்க்கும் அறைக் கதவில் கண்ணாடி போட்டேன், அதன் வாசலில் சிவப்புக் கோடும் கீறினேன். கோட்டை யார் மதிக்கப் போகிறார்கள்?

சுகாதார அலுவலகத்திலிருந்து பார்வையிட வரும் வாரம், பல் கதிரையை ஏற்றிவர வவுனியாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கழுவும் அறைக் கதவைத் திறந்தால் சாம்பிராணி வாசம். ஓட்டோகிளேவுக்கு நேர் மேலே, சுவருக்குள் அழகான ஒரு மாடம். ஓரமெல்லாம் தாமரை இதழ். உள்ளே கண்ணகை அம்மன் படம், விளக்கு, திருநீறு. புகைந்த குச்சியின் சாம்பல் என் இயந்திரத்தின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது.

"பிள்ளைக்குச் சொல்லாமல் செய்தனான்" என்றார் மேசன் அண்ணை. முகமெல்லாம் சிரிப்பு. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில வாங்கின படம். எல்லாத்தையும் வேண்டாம் எண்டியள். கும்பிட ஒரு இடமாவது வேணுமெல்லோ?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "இடியுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். "சாமி வச்ச இடத்தில உளி வைக்கமாட்டன் பிள்ளை. வேற ஆளைப் பாருங்கோ." போய் வேப்பமரத்தடியில் இருந்துவிட்டார்.

அனுமதி கிடைக்காவிட்டால் கிளினிக் இல்லை. விட்ட வேலையும் திரும்பி வராது. வீங்கிய கன்னத்தோடு இந்த ஊர்ச் சனம் பழையபடி கிளிநொச்சி பஸ்ஸுக்கு நிற்கும். உளியை நானே எடுத்தேன். சொல்ல என்ன வெட்கம், எனக்கும் கை வரவில்லை. வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போய் வளர்ந்தவள்தானே நானும்.

ஆத்திரத்தோடு வெளியே வந்து, காத்திருக்கும் கூடத்தின் வாங்கில் குந்தினேன். எதிரே வெறும் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால்தான் மாடம். எழுந்து போய்த் தட்டிப் பார்த்தேன். மாடத்தின் முதுகு மெல்லிய சீமெந்துத் தகடுதான், பொள்ளென்று சத்தம் கேட்டது. ஓடினேன் வேப்பமரத்தடிக்கு.

"அண்ணை, இடிக்க வேண்டாம். அம்மன் சனத்தைப் பாக்கட்டும். இந்தப் பக்கம் வாசல் திறந்துவிடுங்கோ, அந்தப் பக்கத்தை மட்டமாப் பூசி மூடுங்கோ."

அவர் தாடியைச் சொறிந்தார். "வாசல் திறக்கிறது குற்றமில்லை" என்றார் கடைசியில். அம்மனிடம் கேட்டு, கற்பூரம் காட்டி, படத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். தாமரை இதழையும் விடவில்லை, கூடத்துப் பக்கம் புதிதாக வைத்தார். அங்கே அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

பார்வையிட வந்த அதிகாரி சிரிக்காத மனுசன். வெள்ளைக் கடதாசியால் சுவரை, வளைவை, யன்னல் ஓரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மாடம் இருந்த இடத்தையும் துடைத்தார். கடதாசி வெள்ளையாகவே இருந்தது. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து வெளிவாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. கன்னம் வீங்கிய கமக்காரர் ஒருவரும், பின்பெட்டி நிறைய அவருடைய சொந்தங்களும். கிளினிக் இன்னும் திறக்கவில்லை என்று யார் அவர்களுக்குச் சொல்வது! தொலைந்தேன், அதிகாரியின் கண்முன்னாலேயே எல்லாரும் உள்ளே பாயப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருவரும் பாயவில்லை. கூடத்துக்குள் வந்தவர்கள் அம்மனைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். மனைவி திருநீறு எடுத்து அவருக்குப் பூசினா. மாமி கைகூப்பிக்கொண்டு வாங்கில் அமர்ந்தா, மற்றவர்களும் அமர்ந்தார்கள். சிவப்புக் கோட்டைத் தாண்டி வந்தது வீங்கிய கன்னம் மட்டும்தான்.

அதிகாரி கண்ணாடிக் கதவால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள வராதேயுங்கோ எண்டு எத்தினை இடத்தில அறிவித்தல் எழுதி வச்சுப் பாத்திட்டம்" என்றார். அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார். நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டார். "டொக்டர், அந்த மனுசனைக் காக்க வைக்காதேயுங்கோ."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, முழங்கையால் பைப்பைத் திறந்து கையைக் கழுவினேன்.

அந்தக் கிளினிக்கில் நான் பிடுங்கிய முதல் பல் கழன்று வந்தபோது மேசன் அண்ணை விசயம் கேள்விப்பட்டுச் சைக்கிளில் பறந்து வந்து கதவில் கை வைத்தார். "அண்ணை, கோடு!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தேன். சட்டென்று காலைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு வாங்கில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"கட்டினது நான்தான். எனக்கே உள்ள போகேலாது, பாத்தியளே!"