கவிழ்க்க மாட்டேன் என்றவர்

லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகியும் தெருவில் அவருக்குப் பெயர் டிரைவர்தான். இப்போது அவரிடம் வருகிற லாரிகளை ஒரு கையால் தூக்கிவிடலாம். ரிமோட்டில் ஓடுபவை. வளர்ந்த ஆட்கள் ஆசைப்பட்டு வாங்கி, மண்மேட்டில் ஏற்றி இறக்கி, பல்சக்கரத்தையும் அச்சையும் உடைத்துக்கொண்டு வருவார்கள். மனைவியின் தம்பி அவற்றை விற்கிற கடை வைத்திருந்தான். உடைந்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் அக்கா வீட்டுக்கு வந்துவிடும்.

கூடத்து மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் கவிழ்த்த தகர டப்பா. டப்பாவின்மேல் லாரி, நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, நேராக நிற்கும். மேலே செய்கிற வேலையெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடிப்பக்கத்துக்குத்தான் பெரிய பாடு. லாரியை மேஜை விளிம்புக்கு இழுத்து, தரையில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து பார்ப்பார். கண்ணுக்கு எட்டாத இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். மனைவியின் கைக்கண்ணாடி மேஜைக்கே சொந்தமாகிவிட்டிருந்தது. ஊரில் எல்லோரும் வண்டியை மல்லாக்கப் போட்டுச் சட்டென்று முடிக்கிற வேலைக்கு இவர் கழுத்து பிடித்துக்கொள்கிற வரை கீழே கிடப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால், லாரிக்கு அடியில் ஆள்தான் போகணும், லாரியைத் தூக்கியா திருப்புவாங்க என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். பழைய தொழிலின் பழக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் அதோடு விட்டுவிடுவார்.

சிக்கல் ஒரு பச்சை லாரியால் வந்தது. அடித்தகட்டில் ஒரு திருகாணியை விரல் கணக்கிலேயே முடுக்கியிருந்தார். அது கோணலாக ஏறி, மரை தேய்ந்து, மைதானத்தில் கழன்று விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்து அனுப்பினார். பின்பக்கம் ஏதோ கரகரவென்கிறது என்று மறுபடியும் திரும்பி வந்தது. மைத்துனன் இந்த முறை பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சுற்றிவளைத்துத்தான் பேசினான். வாடிக்கையாளர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தன் இந்த ரிப்பேர் வேலையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். கடையில் விதவிதமாக ஸ்டாண்டு இருக்கிறது, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், உலகம் வேலை செய்கிற மாதிரி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்யட்டும். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

“இன்னொரு வண்டி திரும்பி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது மாமா. அக்கா மூஞ்சிக்காக எத்தனை தடவை பார்க்கிறது?”

அவன் போன பிறகு மனைவிதான், நாளைக்குக் கடைக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றாள். அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள். விடுமுறை நாளில் வெளியே கிளம்புவதென்றால் முகம் சுளிப்பவள் தானாக வருகிறேன் என்றதிலேயே, விஷயம் முற்றிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் காலையில் எழுந்து எந்த மூலையில் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடையில் மைத்துனன் ஸ்டாண்டுகளை வரிசையாக எடுத்து வைத்தான். முதலாவது வட்டமான சுழல்தட்டு. இரண்டாவது, மரத்தில் தொட்டி மாதிரி செய்து உள்ளே கம்பளித்துணி ஒட்டியது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது. அதன் இரண்டு கைகள் லாரியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கவ்விக்கொள்ளும். விரலால் தட்டினால் போதும், வண்டி தானாகப் புரண்டுகொடுக்கும். இதை அவன் அக்காவுக்கும் மாமாவுக்கும் என்றே எடுத்துவைத்திருந்தானாம்.

அவர்கள் கொண்டுவந்திருந்த பச்சை லாரியை அதில் மாட்டினான். தட்டினான். லாரி ஒரே புரட்டில் புரண்டு சக்கரங்கள் மேலே வந்தன. “பாருங்க மாமா, சோதிக்கிறதுக்கும் எவ்வளவு வசதி” என்று ரிமோட்டை அழுத்தினான். நாலு சக்கரமும் விர்ரென்று சுற்றின.

டிரைவர் கடையை விட்டு வெளியே போய்விட்டார்.

மனைவி பின்னாலேயே வந்தபோது அவர் நடைபாதை ஓரத்தில், பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்திருந்தார். அவளும் உட்கார்ந்தாள். மழையில் வளைவில் அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஏற்றியிருந்த ஓடுகள் நொறுங்கின, கிளீனருக்குக் காறை எலும்பு முறிந்து பிறகு கூடிவிட்டது, முதலாளியே திரும்பக் கூப்பிட்டார், இவர்தான் முதுகுவலி என்று சொல்லிவிட்டார். கதை அவ்வளவோடு முடிந்துவிட்டதாக அவளும் நினைத்திருந்தாள்.

“நான் எப்படியோ வெளிய வந்து ரோட்டோரமா உட்கார்ந்துட்டேன்” என்றார் டிரைவர். “எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. பின் சக்கரம் மேல பார்த்துக்கிட்டு சுத்துது. உள்ள கிளீனர் பையன் கத்துறான். எனக்கு எழுந்து போகணும்னே தோணல. அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வேற யாரோ வந்துதான் அவனை இழுத்தாங்க.”

“இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது?”

அவள் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். எதிரே ஒரு ஆள் தள்ளுவண்டியை நிறுத்திச் சக்கரத்தில் சுற்றிக்கொண்ட கயிற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கயிறு முழுவதும் வரும்வரை டிரைவர் அதையே பார்த்தார். பிறகு எழுந்து, வா என்றுகூடச் சொல்லாமல் கடைக்குள் போனார்.

மைத்துனன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தான். லாரி இன்னும் மல்லாந்தே கிடந்தது. டிரைவர் அதன் பக்கம் பார்க்காமல், அதை எடுத்து நேராக வை என்றார். வைத்தான். ஸ்பானரை வாங்கிச் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார். பெரிய லாரியில் ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். இதில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு.

“சும்மா ஸ்டாண்டு பார்க்கத்தானே மாமா, இதை எதுக்குக் கழட்டுறீங்க?”

“நீ சும்மா இருடா” என்றாள் அக்கா. உருண்ட நட்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

நாலு சக்கரமும் போனதும் அங்கே இருந்தது கம்பியும் மோட்டாரும் உள்ள ஒரு பெட்டி. டிரைவர் அதை ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைத்துப் பார்த்தார். சுழல்தட்டில் நிமிர்ந்திருக்கும்வரை பிசகில்லை, திருப்பினால் ஒருபக்கமாகச் சரிந்தது. கவ்வுகிற ஸ்டாண்டு உறுதியாகத்தான் பிடித்தது. ஆனால் கை பட்டாலே புரண்டது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு அந்த ஸ்டாண்டை ஒதுக்கிவைத்தார். மரத்தொட்டியை இழுத்துக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, மெதுவாக, தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கிற மாதிரி திருப்பி அதற்குள் இறக்கினார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். அது அசையாமல் கிடந்தது.

“இது போதும்” என்றார்.

மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. கடையிலேயே மட்டமானது அதுதான், விற்காமல் கிடக்கிறது, அதை மாமாவுக்குக் கொடுத்தேன் என்றால் ஊர் சிரிக்கும் என்றான்.

“அது தானா புரளுது மச்சான். எனக்கு நான் திருப்பினாத்தான் திரும்பணும்.”

அவனுக்கு என்ன புரிந்ததோ, அக்காவின் முகத்தைப் பார்த்தான். ரிமோட்டை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினான்.

டிரைவர் குனிந்து லாரியின் அடிவயிற்றை முதன்முறையாக வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கப் பல்சக்கரப் பெட்டியின் ஓரத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். எத்தனையோ முறை விரல் அதன்மேல் போயிருக்கும். விரலுக்கு அது தெரியாது.

“கரகரங்குதுன்னு சொன்னாங்களே, இதுதான்” என்றார். “புதுப் பெட்டி போடணும். இருக்கா?”

இருக்கிறது என்றான் மைத்துனன். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும் என்று இழுத்தான்.

“லேட்டாத்தான் முடியும்” என்றார் டிரைவர், தலையைத் தூக்காமலே. “அதையும் உன் ஆளுங்ககிட்ட இப்பவே சொல்லிடு.”